கால் நனைத்தால் போதும்

மெல்லீஹா, மால்டா
5.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஹேமா எழுதுகிறேன். நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன். குளிர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, உள்ளங்கை வெடித்துக் கிடக்கிறது. நீங்களும் அத்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று திகைக்காதீர்கள். போனை எடுத்தால் நமக்குச் சண்டைதான் வருகிறது. நான் ஒன்று சொல்ல, நீங்கள் ஒன்று சொல்ல, நடுவில் அத்தை "இன்னாவாம் அவளுக்கு?" என்று கேட்க, அப்புறம் ஒரு மாதம் பேச்சில்லை. காகிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்க முடியாது. அந்த வசதிக்காகவே எழுதுகிறேன்.

முதியோர் இல்லத்தில் என் காண்ட்ராக்ட் ஜூலையோடு முடிகிறது. புதுப்பித்தால் இன்னும் இரண்டு வருஷம். மேடம் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார், நான் பிடிகொடுக்கவில்லை. ஜூனில் நீங்கள் பஸ் ஓட்டும் காலேஜுக்கு லீவுதானே? பஸ்ஸை வேலப்பன்சாவடியிலேயே நிறுத்திவிட்டு இங்கே வாருங்கள். பத்து நாள் நானும் லீவு போடுகிறேன். அந்தப் பத்து நாளில் நாம் பழையபடி ஆகிவிட்டால், திரும்பும்போது உங்கள் பக்கத்து சீட்டில் நான் இருப்பேன். ஆகாவிட்டால் என்ன என்பதை இப்போது எழுத மாட்டேன்.

இது ஒரு சின்னத் தீவு. எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடல் வந்துவிடும். நாலு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகிறேன், ஒரு நாள் இறங்கியதில்லை. தனியாக இறங்க மனசில்லை.

கடல் என்றதும் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். உங்கள் சிநேகிதன் லோகேஷ் கல்யாணத்துக்கு மறுநாள் எல்லோரும் வேனில் கோவளம் போனோம். எனக்கு ஐந்தாம் மாதம். நான் மணலில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தேன், லோகேஷ் உங்களைக் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துப்போனான். அடுத்த வாரம் பிள்ளை போய்விட்டது. "புள்ளத்தாச்சி பொண்டாட்டிய வச்சிகினு எவனாச்சும் கடல்ல எறங்குவானா? அதான் வவுத்துல தங்கல" என்றார் அத்தை. நீங்கள் அதை அப்படியே நம்பினீர்கள். இரண்டாவது முறை உண்டானபோது கடல் பக்கமே போகவில்லை, முடி வெட்டவில்லை, சவரம் செய்யவில்லை, சாமியார் மாதிரி தாடியோடு பஸ் ஓட்டினீர்கள். அதுவும் தங்கவில்லை. அப்புறமாவது புரிந்திருக்க வேண்டாமா, கடலுக்கும் என் வயிற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று? நான் உங்களை ஒருநாளும் குறை சொன்னதில்லை. நீங்கள்தான் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்தீர்கள். நான் சம்பளத்துக்காக விமானம் ஏறவில்லை மாமா. அந்த முதுகைப் பார்க்க முடியாமல்தான் ஏறினேன்.

சரி, பழசை விடுங்கள். எந்தெந்தக் கடற்கரை என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் கைகாட்டும் இடத்துக்கெல்லாம் வருகிறேன்.

உங்கள் பதிலுக்காகத் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் ஹேமா

*

அண்ணனூர்
26.1.2025

அன்பு ஹேமா,

உன் கடிதத்தை போஸ்ட்மேன் அம்மா கையில் கொடுத்துவிட்டார். அம்மா பிரிக்காமல் என்னிடம் தந்ததே பெரிய ஆச்சரியம். பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். முதுகைப் பற்றி நீ எழுதியதை மட்டும் மூன்றாவது தடவையும் படித்தேன். நேரில் வந்து முகத்தைக் காட்டுகிறேன், பார்த்துக்கொள்.

வருகிறேன் ஹேமா. லீவு கேட்டாயிற்று. மேனேஜர் "மால்டாவா, அது எங்கய்யா கீது?" என்றார். இத்தாலிக்குக் கீழே என்றேன். எனக்கே போன வாரம்தான் தெரியும்.

பொங்கல் முடிந்ததிலிருந்து சாயங்காலமானால் உன் தீவைத்தான் பார்க்கிறேன். எதிர் போர்ஷனில் வித்யா என்று ஒரு பெண் குடிவந்திருக்கிறாள், தையல் வேலை. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டானாம். அவள் பெரிய போன் வைத்திருக்கிறாள், அதில்தான் வீடியோ போட்டுக் காட்டினாள். செயின்ட் பீட்டர்ஸ் பூல் என்று ஒரு இடம், பாறை மேலிருந்து எல்லோரும் கடலுக்குள் குதிக்கிறார்கள். முதலில் அங்கே போகிறோம். நான் அயப்பாக்கம் ஏரியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்தினவன், மறந்துவிடாதே. அப்புறம் உன் ஊரிலேயே அதீரா கடற்கரை. எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்பளவுதானாம். அங்கே உனக்கு நீச்சல் கற்றுத் தருவேன். கோஸோ தீவில் ரம்லா, மணல் செம்மண் நிறத்தில் இருக்கிறது. கோமினோவில் தண்ணீர் நீலமாக இருக்கிறது, ஆனால் ரங்கநாதன் தெருக் கூட்டம். அது வேண்டாம். உன்னைக் கூட்டத்தில் தொலைக்க நான் அவ்வளவு தூரம் வரவில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. அம்மாவுக்கு முட்டி வலி, அடுப்படியில் நிற்க முடியவில்லை. வித்யாதான் பாதி நாள் குழம்பு கொடுத்தனுப்புகிறாள். மீன் குழம்பு பரவாயில்லை, உன் கைப்பக்குவம் வராது. இந்தக் கவரின் மேல் இங்கிலீஷ் முகவரியும் அவள் எழுதியதுதான், என் கையெழுத்து உனக்கே புரியாது.

நீ போனதிலிருந்து உன் தலையணையை எடுத்து வைக்கவே இல்லை. அம்மா கேட்டால் இடுப்பு வலி, அண்டை கொடுக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

என்றும் உன்,
நாகேந்திரன்

*

மெல்லீஹா
16.2.2025

அன்பு மாமா,

தலையணை விஷயத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ரூமில் இருக்கும் பெண் "யாராவது செத்துப்போய்ட்டாங்களா?" என்று இங்கிலீஷில் கேட்டுப் பயந்துவிட்டாள். இல்லை, ஒருத்தர் பிழைத்து வந்திருக்கிறார் என்று சொன்னேன்.

பாறையிலிருந்து குதிப்பாராம்! தொப்பையோடு நீங்கள் குதித்தால் அந்தக் கரையில் இருக்கிறவர்கள் நனைந்துவிடுவார்கள். சரி, குதியுங்கள். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்கிறேன். போன ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஏறி வர இரும்பு ஏணி இருக்கிறது, பயமில்லை. ரம்லாவுக்கும் போனேன். கப்பலில் அரை மணி நேரம்கூட இல்லை. அந்தச் செம்மணலை ஒரு கைப்பிடி எடுத்து ஜன்னலில் வைத்திருக்கிறேன். கோல்டன் பே பக்கத்தில் ஆயின் துஃபீஹா என்று இன்னொன்று இருக்கிறது. நிறையப் படி இறங்க வேண்டும், ஆனால் சூரியன் மறைகிறபோது அங்கே இருக்க வேண்டும் மாமா. பார்க்கிறவர்கள் எல்லோரும் ஜோடியாகவே இருக்கிறார்கள். எனக்கு அங்கே ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

முழங்கால்வரை மூடுகிற மாதிரி ஒரு நீச்சல் உடை வாங்கினேன். கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்து, வெட்கப்பட்டு, மடித்து வைத்துவிட்டேன். அதீராவில் நீங்கள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும், நான் காலை அடித்துக்கொண்டு வர வேண்டும். இங்கே குழந்தைகளுக்கு அப்படித்தான் கற்றுத் தருகிறார்கள். இப்போது நம் வீட்டில் பிள்ளைத்தாச்சி யாரும் இல்லை, கடல் ஆகாது என்று சொல்ல ஒன்றும் இல்லையே. அதை நினைத்தால் ஒரு பக்கம் அழுகை வருகிறது, ஒரு பக்கம் சரி, இதுவாவது மிச்சம் என்று இருக்கிறது.

வித்யாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. அவளுக்கென்று ஒரு கைப்பை வாங்கி வைத்திருக்கிறேன், திரும்பி வரும்போது கொண்டுவந்து நானே கொடுக்கிறேன். விசாவுக்குச் சீக்கிரம் போட்டுவிடுங்கள். உங்கள் போட்டோ ஒன்று அனுப்புங்கள். என்னிடம் இருப்பது கல்யாணத்தில் எடுத்தது, அதில் நீங்கள் திருதிருவென்று விழிக்கிறீர்கள்.

நாளை எண்ணாமல் இருக்க முயற்சி செய்துகொண்டிருக்கும்,
உங்கள் ஹேமா

*

அண்ணனூர்
20.3.2025

அன்பு ஹேமா,

பதில் தாமதமாகிவிட்டது. காலேஜில் பரீட்சை நேரம், கூடுதல் டிரிப்.

விசாவுக்குக் கொடுத்திருக்கிறேன். நீ கேட்ட போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன். தாடியைப் பார்த்துக் கேலி செய்யாதே. வெயில் ஆரம்பித்துவிட்டது, முகமெல்லாம் கட்டி. சலூன்காரன் பிளேடு வைத்தால் எரிகிறது.

ஊர் விசேஷம் வேறொன்றும் இல்லை. மாசி மகத்துக்கு நம் தெரு சாமியைக் கடலுக்கு எடுத்துப்போனார்கள். வருஷா வருஷம் நான்தானே வேன் ஓட்டுவேன், இந்தத் தடவை லோகேஷை ஓட்டச் சொல்லிவிட்டேன். உடம்பு அசதி. அம்மாவும் போகவில்லை.

கடற்கரைகளைப் பற்றி யோசித்தேன். அந்தப் பாறையிலிருந்து குதிப்பதெல்லாம் வேண்டாம் என்று தோன்றுகிறது. வயசாகிவிட்டது இல்லையா? டிங்லி என்று ஒரு இடம் இருக்கிறதாம், செங்குத்தான மலை, கீழே கடல். மேலேயிருந்தே பார்க்கலாம். மார்சஷ்லாக்கில் மீன்பிடிப் படகுக்கெல்லாம் கண் வரைந்திருக்கிறார்கள், அதைக் கரையில் நின்றே பார்க்கலாம். ரம்லாவுக்குக் கப்பல் ஏறத்தான் வேண்டுமா? உனக்குத் தலை சுற்றும். அதீராவில் மணலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். தண்ணீரில் இறங்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? டாக்டர் என் தோலுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது என்று சொல்லியிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். கைக்கு வாசலின் போடு.

நாகேந்திரன்

*

மெல்லீஹா
6.4.2025

அன்பு மாமாவுக்கு,

போட்டோ கிடைத்தது. தாடி நன்றாகத்தான் இருக்கிறது, அங்கங்கே வெள்ளை விழுந்து ஒரு வாத்தியார் களை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் என்னை முறைக்கிறீர்கள்.

ஆனால் கடிதம்தான் மனசுக்கு ஒட்டவில்லை. ஜனவரியில் எழுதியவர் பாறையிலிருந்து குதிக்கத் துடித்தார். மார்ச்சில் எழுதியவர் மலை மேல் நின்று எட்டிப் பார்க்கலாம் என்கிறார். எங்கள் நர்ஸிடம் கேட்டேன், தோல் கட்டிக்குக் கடல் தண்ணீர் நல்லதுதான் என்கிறாள். உங்கள் டாக்டர் எந்த ஊரில் படித்தார்?

கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் கோபம்தான். நான் கெஞ்சுகிற மாதிரி ஆகிறதே என்று இருக்கிறது. டிங்லிக்குப் போகலாம். கண் வரைந்த படகையும் பார்க்கலாம். கப்பலும் வேண்டாம். எல்லாம் உங்கள் இஷ்டம். ஒன்றே ஒன்று எனக்குக் கொடுங்கள். அதீராவில், என் பக்கத்தில் நின்று, கால் நனைத்தால் போதும். நீந்த வேண்டாம், குளிக்க வேண்டாம். அன்றைக்குக் கோவளத்தில் என்னைக் கரையில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் இறங்கினீர்கள். அந்தக் கடலை நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தால், அதோடு அது தீர்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். பைத்தியக்காரி என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மேடம் மறுபடியும் காண்ட்ராக்ட் காகிதத்தை நீட்டினார். ஊருக்குப் போகிறேன், அனேகமாகத் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

கால் நனைப்பீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் ஹேமா

*

அண்ணனூர்
27.4.2025

ஹேமா,

விசா வந்துவிட்டது. ஜூன் இரண்டாம் வாரம் டிக்கெட் போட்டிருக்கிறேன்.

அம்மா இந்தப் பயணமே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "கடல தாண்டிப் போறதுக்கு இதான் நேரமாடா?" என்று தினம் ஒரு பாட்டு. நான்தான் பிடிவாதமாகக் கிளம்புகிறேன். உன்னைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை, இது சத்தியம். ராத்திரி படுத்தால் நீ சொன்ன அந்தச் சூரியன் மறைகிற கடற்கரைதான் கண்ணில் நிற்கிறது. இதுவரை உன்னிடம் இப்படியெல்லாம் எழுதியதில்லை, இனி எழுதுவேனோ என்னவோ.

ஆனால் கால்கூட வேண்டாம் ஹேமா. தயவுசெய்து அதை மட்டும் கேட்காதே. கரையில் உன்னோடு எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்காருகிறேன். டிங்லிக்கு முதல் நாளே போவோம். அங்கே வைத்து உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். காகிதத்தில் வராது.

நாகேந்திரன்

*

மெல்லீஹா
18.5.2025

மாமா,

நீங்கள் டிங்லி வரைக்கும் வந்து சொல்ல வேண்டாம். தெரிந்துவிட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, பாலை அடுப்பில் வைக்கலாம் என்று ஃபிரிட்ஜைத் திறக்கப் போனேன். கதவில் உங்கள் தாடி. கையில் "கால்கூட வேண்டாம்". ஃபிரிட்ஜைத் திறக்காமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். நான்தானே ஜனவரியில் உங்களுக்கு எழுதினேன், கடல் பக்கம் போகாமல், சவரம் செய்யாமல் இருந்தீர்களே என்று. என் கையாலேயே எழுதியதை இத்தனை மாதம் நான் படிக்கவில்லை. பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். முதல் கடிதத்தில் பத்திக்குப் பத்தி வித்யா. அப்புறம் அவள் பெயரே இல்லை. அவள் எழுதிய முகவரியும் இல்லை, கவரில் உங்கள் கோழிக்கிறுக்கல்தான். அத்தை கடல் தாண்டக்கூடாது என்று தடுத்ததற்கும் அர்த்தம் புரிந்தது. உங்கள் தாடி இது இரண்டாவது. இந்த முறை என் வயிற்றுக்காக இல்லை.

இரண்டு நாள் நான் மனுஷியாகவே இல்லை. போட்டோவைக் கிழித்தேன். உங்களை என்னென்னவோ சொல்லித் திட்டினேன், தமிழ் தெரியாத ரூம் பெண்ணுக்கே புரிந்திருக்கும். எனக்குத் துரோகம் செய்யப் பயப்படாதவர், கடலில் கால் வைக்க மட்டும் பயந்தீர்களே! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொய் சொல்லிவிட்டு இங்கே வந்து, என்னோடு தண்ணீரில் இறங்கி, ஆசையாகக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. உங்களால் முடியவில்லை. அந்த அளவுக்கு அந்தப் பிள்ளை உங்களுக்கு வேண்டியிருக்கிறது. எனக்கும் அப்படி வேண்டியிருந்தது, அதனால் தெரியும்.

இன்னொன்றும் யோசித்தேன். கால் நனைக்கவே நடுங்குகிறவர், கடலையே தாண்டி என்னைப் பார்க்க வர டிக்கெட் போட்டிருக்கிறீர்கள். அதில் பொய் இல்லை. அந்த ஒன்றை மட்டும் எனக்கென்று வைத்துக்கொள்கிறேன், திருப்பித் தர மாட்டேன்.

வராதீர்கள். டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். நேற்று மேடத்திடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருஷம். அதற்கப்புறம் உங்களுக்கு என்ன காகிதத்தில் என் கையெழுத்து வேண்டுமோ, அனுப்புங்கள், போட்டுத் தருகிறேன். அத்தையை முட்டிக்கு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். வித்யாவுக்கு வாங்கிய கைப்பை இங்கேயே இருக்கிறது. கொடுக்கவும் மனம் வரவில்லை, தூக்கிப் போடவும் வரவில்லை. பார்ப்போம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக அதீராவுக்குப் போனேன். அந்த நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டேன், வெட்கமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. தண்ணீர் இன்னும் சில்லென்றுதான் இருந்தது. முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால், அப்புறம் இடுப்பு. நீங்கள் சொன்னது சரிதான், எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். பக்கத்தில் ஒருவர் தன் மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுதேன். முகத்தைக் கடல் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. கடலுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமில்லை என்று உங்களிடம் எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்! இப்போதும் நான் அதை நம்பவில்லை. இருந்தாலும் அவளுக்குப் பிள்ளை பிறக்கும்வரை கடல் பக்கம் போகாதீர்கள். லோகேஷ் கையைப் பிடித்து இழுத்தாலும் போகாதீர்கள்.

ஹேமாவதி